ஒரு மூச்சு மாற்ற முடியாத நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்கூபா முக்குளிப்பைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மூச்சு விட விடக் குமிழ்கள் மேலே போகும். ரீபிரீதர் என்ற கருவியில் அந்தக் குமிழ் வராது. விட்ட மூச்சு சோடா லைம் நிரம்பிய டப்பாவுக்குள் போகிறது. அங்கே கரியமில வாயு பிடித்துக்கொள்ளப்பட, உடம்பு செலவழித்த ஆக்சிஜன் மட்டும் சேர்க்கப்பட்டு, அதே மூச்சு வாய்க்குத் திரும்பி வருகிறது. சின்ன சிலிண்டரோடு மணிக்கணக்கில் ஆழத்தில் இருக்கலாம். நூறு மீட்டர் ஆழம் போகிறவர்கள் இதை விரும்புவது அதனால்தான்.

ஆனால் கோளாறு வந்தால் இது சொல்லிக்கொண்டு வராது. சாதாரண ஸ்கூபாவில் காற்று தீர்ந்தால் இழுக்க முடியாது, உடனே தெரிந்துவிடும். இதில் ஆக்சிஜன் குறைந்தாலும் மூச்சு வழக்கம்போல வந்துகொண்டிருக்கும், ஆள்தான் மயங்கிப்போவார். அழுத்தத்தை பார் என்ற அலகில் சொல்வார்கள், ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டக் காற்றழுத்தம். ஆக்சிஜன் அழுத்தம் 0.16 பாருக்குக் கீழே போனால் மயக்கம் வரலாம், 1.6 பாரைத் தாண்டினால் வலிப்பு வரலாம். கருவியின் திரையில் தெரியும் அந்த எண் எந்த நேரமும் மனதில் இருக்க வேண்டும் என்பதுதான் பயிற்சியில் முதல் பாடம்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் மோசமானது கரியமில வாயு. பெரும்பாலான கருவிகளில் அதை அளக்கும் சென்சாரே கிடையாது. இறங்கும் முன் ஐந்து நிமிடம் கருவியில் மூச்சு விட்டுப் பார்த்தால் போதும் என்று பலர் நம்பினார்கள். டப்பாவில் வேண்டுமென்றே பாதிக் கோளாறு வைத்துச் சோதித்தபோது, பெரும்பாலோர் ஒன்றும் உணரவில்லை.

டப்பா நன்றாக இருந்தாலும் ஆபத்து உண்டு. தென்னாப்பிரிக்காவில் பூஸ்மன்ஸ்காட் என்ற நீர் நிறைந்த குகை இருக்கிறது. 1994இல் அங்கே இறந்துபோன டியான் டிரேயர் என்ற முக்குளிப்பாளரின் உடலை மேலே கொண்டுவர, 2005 ஜனவரி 8 அன்று டேவிட் ஷா 270 மீட்டர் ஆழத்துக்கு இறங்கினார். அவர் ஆஸ்திரேலியர், தொழில் விமானி. கீழே விளக்கு கயிற்றில் சிக்கிக்கொண்டது, போராடினார், திரும்பவில்லை. தலையில் இருந்த கேமரா அவர் மூச்சின் ஓசையையும் பதிவு செய்திருந்தது. அதை ஆராய்ந்தவர்கள் கண்டது இதுதான்: அந்த ஆழத்தில் வாயு அவ்வளவு அடர்த்தி. உழைக்க உழைக்க உடம்பில் சேரும் கரியமில வாயுவை நுரையீரலால் வெளியே தள்ள முடியவில்லை. இன்று லிட்டருக்கு 5.2 கிராம் அடர்த்தியைத் தாண்டாமல் திட்டமிடுங்கள், 6.2 கிராம் தான் உச்சவரம்பு என்கிறார்கள். வெறும் காற்று 30 மீட்டரிலேயே 5.2ஐத் தொட்டுவிடும். அதனால்தான் அடர்த்தி குறைந்த ஹீலியத்தைக் கலக்கிறார்கள்.

அன்று ஷாவைத் தேடி இறங்கிய டான் ஷர்லியின் ரீபிரீதர் கட்டுப்பாட்டுக் கருவி ஆழத்தின் அழுத்தத்தில் செயலிழந்தது. கையாலேயே ஆக்சிஜனைச் சேர்த்துச் சமாளித்தார். காதுக்குள் ஹீலியம் குமிழ் உண்டாகி, தலை சுற்றி, வாந்தி எடுத்து, அப்படியும் உயிரோடு கரை சேர்ந்தார். எலக்ட்ரானிக்ஸை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டும் பயிற்சியைச் சலிப்பாக நினைக்கும் மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

சந்தேகம் வந்தால் முதலில் கூடவே கொண்டுபோகும் சாதாரண ஸ்கூபா சிலிண்டருக்கு மாறிப் போ, காரணத்தை அப்புறம் தேடு: பெயில்அவுட் பயிற்சி என்பது இதுதான். கேட்க எளிது. கரியமில வாயு ஏறியவருக்கு மூச்சுத் திணறல் எப்படி இருக்கும் என்றால், வாய்க்கருவியை எடுத்து வேறொன்றை வைக்க ஒரு மூச்சு நேரம்கூட நிறுத்த முடியாது. அதற்காகத்தான் வாயிலிருந்து எடுக்காமலே ஒரு திருப்பில் மாறும் வால்வு வந்தது.

மாறியபிறகு கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவர் 100 மீட்டரில் அழுத்தம் 11 மடங்கு என்பதால் 11 மடங்கு வாயு, அதாவது நிமிடத்துக்கு 220 லிட்டர் செலவழிப்பார். 200 பாரில் நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டர் 2,400 லிட்டர்; பதினோரு நிமிடம் வரும். திணறுகிறவர் இரண்டு மடங்கு இழுப்பார், ஐந்து நிமிடம்தான். உடம்பில் கரைந்த வாயு வெளியேற நின்று நின்று மேலே வரப் பல மணி நேரம் இருக்கும். நிதானமாக இருக்கும் ஆளுக்குக் கணக்குப் போட்டு சிலிண்டர் எடுத்துப் போவது தப்புக் கணக்கு.

இன்னொன்று, வாய்க்கருவியை முகத்தோடு இறுக்கும் பட்டை. பிரெஞ்சு ராணுவ முக்குளிப்பாளர்கள் அணிவது. நீருக்கடியில் மயங்கிய அவர்களில் பெரும்பாலோர் மூழ்கிப் போகாமல் பிழைத்திருக்கிறார்கள். பெரிய விலை இல்லை. தாடை வலிக்கிறது என்று சொல்லி அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறவர்கள் இன்னும் நிறைய.

நன்றி, வணக்கம்.