1,300 கோடி யூரோவை வேண்டாம் என்ற அயர்லாந்து

ஒரு அரசிடம் போய், "இந்தக் கம்பெனி உங்களுக்கு 1,300 கோடி யூரோ வரை வரி பாக்கி. வட்டியோடு வசூல் பண்ணிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் என்ன செய்யும்? அயர்லாந்து கோர்ட்டுக்குப் போனது, அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்ல.

[திரையில்: பிரஸ்ஸல்ஸ், 30 ஆகஸ்ட் 2016]

கம்பெனி, ஆப்பிள். வசூலிக்கச் சொன்னது ஐரோப்பிய ஆணையம், அதாவது பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பு. அயர்லாந்தின் வரி விஷயத்தில் பிரஸ்ஸல்ஸுக்கு என்ன வேலை?

ஐரோப்பிய ஒன்றியம் ஒரே சந்தை. அதில் ஒரு நாடு தன் கம்பெனிக்கு மட்டும் கஜானாவைத் திறந்துவிட்டால், பக்கத்து நாட்டுக் கம்பெனி கடையைக் கட்ட வேண்டியதுதான். அப்புறம் அந்த நாடும் கஜானாவைத் திறக்கும். இதைத் தடுக்கத்தான் ஒன்றியத்தின் ஒப்பந்தத்தில் 107-வது பிரிவு. குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் அரசுப் பணத்தில் சலுகை தந்து, அதனால் போட்டி கெட்டு, நாடுகளுக்கிடையிலான வியாபாரமும் பாதிக்கப்பட்டால், பொதுவாக அது செல்லாது. தர வேண்டும் என்றால் ஆணையத்திடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். மூன்று ஆண்டுகளில் ஒரு கம்பெனிக்கு 3 லட்சம் யூரோ வரையிலான சில்லறை உதவிகளை இப்போது கண்டுகொள்வதில்லை.

சரி, அயர்லாந்து ஆப்பிளுக்குக் காசு எதுவும் கொடுக்கவில்லையே? கொடுக்கவில்லைதான். ஆனால் வாங்க வேண்டியதை வாங்காமல் விடுவதும் மானியக் கணக்கில்தான் வரும்.

[திரையில்: கார்க் நகரம், அயர்லாந்து]

ஆப்பிள் 1980 முதல் இங்கே இருக்கிறது. ஆப்பிள் சேல்ஸ் இன்டர்நேஷனல் என்ற அதன் துணை நிறுவனம்தான் ஐரோப்பாவிலும், மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, ஏன், நம் இந்தியாவிலும் விற்ற பொருள்களின் லாபத்தைக் கணக்கில் எழுதியது. அதில் பெரும்பங்கை ஒரு "தலைமை அலுவலகத்துக்கு" ஒதுக்கலாம் என்று 1991-லும் 2007-லும் ஐரிஷ் வரித்துறை ஒப்புதல் தந்தது. அந்தத் தலைமை அலுவலகம் எந்த நாட்டிலும் இல்லை. கட்டடம் கிடையாது, ஊழியர் ஒருவரும் கிடையாது. எந்த நாட்டிலும் இல்லாததால் எந்த நாட்டு வரியும் இல்லை!

2011-ல் அந்த நிறுவனத்தின் லாபம் சுமார் 1,600 கோடி யூரோ. வரிக்கு உட்பட்டது என்று எடுத்துக்கொண்டது சுமார் 5 கோடி. 2014-ல் கட்டிய வரி, ஆணையத்தின் கணக்குப்படி, 0.005 சதவீதம். அதாவது பத்து லட்சம் யூரோ லாபத்துக்கு 50 யூரோ. அயர்லாந்தில் சாதாரணக் கம்பெனிக்கு வரி 12.5 சதவீதம்.

இங்கேதான் இந்த விதியின் விசித்திரம். ஆணையம் அபராதம் போடுவதில்லை. சலுகையை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும், தந்த அரசுக்கே. விதியை மீறிய அரசுக்குத் தண்டனை இல்லை, லாபம்தான்! அப்படியும் அயர்லாந்து ஆப்பிளின் பக்கம் நின்றது. நாங்கள் யாருக்கும் தனிச்சலுகை தரவில்லை, வரி எங்கள் உரிமை என்றது. குறைந்த வரியைக் காட்டி கம்பெனிகளை அழைத்த நாட்டுக்கு, அந்தப் பெயர் 1,300 கோடியைவிடப் பெரிது என்பது என் கணிப்பு.

வழக்கு முடியும்வரை வட்டியோடு 1,430 கோடி யூரோ ஒரு தனிக் கணக்கில் கிடந்தது. 2020-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கீழ் நீதிமன்றம், ஆணையம் சலுகையை நிரூபிக்கவில்லை என்றது. இதே பாணியில் ஃபியட், அமேசான் மீது எடுத்த நடவடிக்கைகளிலும் ஆணையம் கடைசியில் தோற்றது. ஆப்பிள் வழக்கில் மட்டும் 10 செப்டம்பர் 2024 அன்று ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு கிடையாது. வேண்டாம் என்ற பணம் அயர்லாந்துக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் இந்த விதி எல்லோரிடமும் இதே கறார் காட்டுவதில்லை. 2020-ல் கோவிட், 2022-ல் எரிவாயு நெருக்கடி வந்தபோது ஆணையமே விதியைத் தளர்த்தியது. நெருக்கடி உதவியாக அப்போது அனுமதித்த தொகையில் ஏறக்குறைய பாதி ஒரே நாட்டுக்குரியது: ஜெர்மனி. அள்ளிக் கொடுக்கக் கஜானாவில் பணம் வேண்டுமே, சிறிய நாடுகள் எங்கே போகும்?