அலமாரிக்கும் கைக்கும் நடுவே

இல்லக் கண்காணிப்பாளர்களே, வார்டன்களே, ஆய்வுக் குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சிறார் காவல் இல்லத்தில் சோப்பு இல்லை, நாப்கின் இல்லை என்று புகார் வருகிறது. ஸ்டோர் அறையைத் திறந்து பார்த்தால் பல சமயம் எல்லாம் அங்கேயே இருக்கும், பிரிக்காத அட்டைப்பெட்டியோடு. வாங்கிய ரசீதும் கோப்பில் இருக்கும். பிள்ளையின் கையில் மட்டும் இருக்காது. அந்த அலமாரிக்கும் அந்தக் கைக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 37ஆம் பிரிவில், காவலில் இருக்கும் பிள்ளையை அதன் வயதுக்குரிய தேவைகளைக் கருதி மாண்போடு நடத்தச் சொல்கிறது. காவலில் இருக்கும் சிறாருக்காக 1990இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற ஹவானா விதிகள், கழிப்பறையை மறைவாகவும் சுத்தமாகவும் பயன்படுத்த வழி வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனிப் படுக்கை விரிப்பு வேண்டும் என்கின்றன. பெண் கைதிகளுக்கான ஐ.நா. விதிகளான 2010இன் பாங்காக் விதிகளில் 5ஆம் விதி, நாப்கினை இலவசமாகத் தரச் சொல்கிறது. கைதிகளை நடத்தும் முறைக்கான ஐ.நா. விதிகளான 2015இன் மண்டேலா விதிகளில் 18ஆம் விதி, கைதிகள் உடலைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், அதற்கு வேண்டிய நீரையும் பொருள்களையும் நிர்வாகம் தர வேண்டும் என இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் சுவரில் எழுதி வைக்கும் இல்லங்கள் இரண்டாம் பாதியையும் எழுதட்டும்.

இனி அளவுகள். பேரிடர் முகாம்களுக்கான ஸ்ஃபியர் கையேடு, ஒருவருக்கு மாதம் 250 கிராம் குளியல் சோப்பும் 200 கிராம் துணி சோப்பும் குறைந்தபட்சம் என்று வைத்திருக்கிறது. வீடு வாசல் இழந்து கூடாரத்தில் இருப்பவருக்கான அடிமட்டக் கணக்கு அது. கூரையும் குழாயும் உள்ள ஓர் இல்லம் அதற்குக் கீழே இறங்க எந்த நியாயமும் கிடையாது. பருவ வயதில் அக்குளின் வியர்வைச் சுரப்பிகள் புதிதாக வேலை செய்யத் தொடங்குகின்றன, முகத்தில் எண்ணெய் வழிகிறது. ஆகவே இந்த வயதினருக்குச் சோப்பு கூடுதலாகவே செலவாகும். நீர் வடியும் சோப்புப் பெட்டி ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். தண்ணீரில் ஊறிக் கரைந்துபோகும் சோப்பைத்தான் பல ரிஜிஸ்டர்கள் ‘பிள்ளைகள் வீணடித்தது’ என்று எழுதுகின்றன.

பற்பசை, ஒரு வேளைக்கு ஒரு கிராம், நாளைக்கு இருவேளை என்றால் மாதம் 60 கிராம். பிரஷ் மூன்று மாதத்துக்கு ஒன்று; நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே. துண்டு ஆளுக்கு இரண்டு, ஒன்று சலவையில் இருக்கும்போது மற்றொன்று கையில். உள்ளாடைக்கு எளிய கணக்கு உண்டு: இரண்டு சலவைகளுக்கு இடையே எத்தனை நாளோ, அதோடு இரண்டு. வாரம் ஒருமுறை சலவை என்றால் ஒன்பது. இவற்றை எண் எழுதிய வலைப்பையில் போட்டு, பையோடு துவைத்து, பையோடு திருப்பிக் கொடுத்தால் ஒருவர் உள்ளாடை இன்னொருவருக்குப் போகாது. கண்ணியத்தை இந்த அளவு மலிவாகக் காக்கும் வேறு ஏற்பாடு எனக்குத் தெரியாது.

நாப்கினுக்கு வருவோம். நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இரத்தப்போக்கு அதிகமென்றால் இன்னும் சீக்கிரம். நாளைக்கு ஆறு வரை, ஐந்து நாளுக்கு முப்பது வரை. சில பெண்களுக்கு ஏழு நாள் நீடிக்கும். ‘மாதம் ஒரு பாக்கெட்’ என்ற உத்தரவை எழுதியவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் சுழற்சி 21 நாளாகவும் இருக்கும், 45 நாளாகவும் இருக்கும். ஆகவே தேதி பார்த்து வழங்குவது பயனற்றது.

அளவு சரியாக இருந்தும் தோற்கும் இடம் ஒன்று உண்டு: கேட்க வேண்டியிருப்பது. இரவு ஷிஃப்டில் ஆண் காவலர். சாவி பகல் ஷிஃப்டுக்காரரிடம். கேட்டால் ‘நேற்றுதானே கொடுத்தேன்’ என்ற பதில், அதுவும் நாலு பேர் காதுபட. ஒருமுறை இப்படி நடந்தால் போதும், அந்தப் பெண் அடுத்த முறை கேட்க மாட்டாள். துணியை மடித்து வைப்பாள், ஒரே நாப்கினை நாள் முழுக்க வைத்திருப்பாள், வகுப்புக்கு வர மறுப்பாள், அந்த மறுப்புக்குத் தண்டனையும் வாங்குவாள்.

தீர்வு எளியது. நாப்கினைப் பெண்கள் கழிப்பறைக்குள்ளேயே திறந்த தட்டில் வையுங்கள். காலையும் மாலையும் நிரப்புங்கள். பக்கத்தில் மூடியுள்ள குப்பைத்தொட்டி, சுற்றிப் போடத் தாள், நாள்தோறும் அகற்றல். தொட்டி இல்லாவிட்டால் நாப்கின் கழிவுக்குழாயில் போய் அடைக்கும், பிறகு அந்த அடைப்புக்கும் அவளே பழி சுமப்பாள். முதல் வாரம் தட்டு சீக்கிரம் காலியாகும். பதறித் தட்டை எடுத்துவிடாதீர்கள். நாளை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் பதுக்குகிறார்கள். எப்போதும் நிறைந்தே இருந்தால் பதுக்கக் காரணம் இருக்காது. கையெழுத்து வாங்க வேண்டாம். வாரம் ஒருமுறை தட்டில் போட்டதை எண்ணினால் கணக்குக்குப் போதும். எந்தப் பிரிவில் இருந்தாலும், மாதவிடாய் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது எட்ட வேண்டும்.

பற்றாக்குறை இருக்கும் இடத்தில் சோப்பும் ஷாம்பூவும் நாணயமாகிவிடும். பெரிய பையன் சின்னப் பையனுக்கு ஒரு சோப்பைக் கடன் கொடுப்பான், இரண்டாக வாங்குவான், கொடுக்க முடியாதவன் வேறு விதத்தில் அடைக்க வேண்டிவரும். வீட்டிலிருந்து பணம் வரும் பிள்ளைக்கு மட்டும் நல்ல பொருள் கிடைக்கும் உள்கடையும் இதே ஏற்றத்தாழ்வை வளர்க்கும். நடத்தைக்குப் பரிசாக ஷாம்பூ, குற்றத்துக்குத் தண்டனையாகக் குளியல் வெட்டு என்பதை உடனே நிறுத்துங்கள். கிரிக்கெட் மட்டையைப் பரிசாக்கலாம், சோப்பை ஆக்கக் கூடாது.

பாதுகாப்புக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நீண்ட பிளாஸ்டிக் பிடியைத் தேய்த்துக் கூராக்க முடியும்; அதற்குக் குட்டைப் பிடி பிரஷ் இருக்கிறது. ஸ்ப்ரேக்குப் பதில் உருட்டிப் பூசும் டியோடரன்ட், ஆல்கஹால் இல்லாத வாய்க்கழுவி. சானிடைசரைக் குடிக்கவும் கொளுத்தவும் முடியும் என்பதால் அது ஊழியர் கையில் இருக்கட்டும், பிள்ளைக்குச் சோப்பும் தண்ணீரும். ரேசரை எண்ணிட்டுக் கொடுத்து, எண்ணி வாங்கி, கூர்பொருள் பெட்டியில் போட வேண்டும். ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவருக்கு ஒருபோதும் தரக் கூடாது. இரத்தம் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடிருக்கும். தற்கொலை அபாயத்துக்காகக் கண்காணிப்பில் இருக்கும் பிள்ளைக்குப் பிரஷை மறுக்காதீர்கள். ஊழியர் அருகில் இருந்து, பல் தேய்த்ததும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

தோலுக்குள் புகும் நுண்பூச்சியால் வரும் சொறிசிரங்கில்தான் இல்லங்கள் மறுபடி மறுபடி தோற்கின்றன. முதல் முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம், அதற்குள் பக்கத்துப் படுக்கைக்கும் பரவியிருக்கும். சொறிகிறவனுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அடுத்த மாதம் அவனுக்கே திரும்ப வரும். மருத்துவர் சொல்லும் முறைப்படி அந்தப் பூச்சியைக் கொல்லும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை, விரலிடுக்கு, நகத்தடி, தொப்புள், பிறப்புறுப்பு எதையும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். இடையில் கை கழுவினால் கைக்கு மறுபடி பூச வேண்டும். அதே நாளில் அந்த அறையில் தூங்கும் அனைவருக்கும், நெருங்கிப் பழகும் ஊழியருக்கும் சிகிச்சை. அன்றே விரிப்பு, துண்டு, உடை எல்லாம் வெந்நீர்ச் சலவைக்கு. துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். ஒரு வாரத்தில் இரண்டாம் முறை பூச வேண்டும். பூச்சிகள் செத்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும்; அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி, தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிவிடுவதும் நடக்கிறது.

படுக்கையில் சிறுநீர் போகும் பிள்ளைகளைப் பற்றி இத்தகைய அவைகளில் யாரும் பேசுவதில்லை. அச்சத்தில் பதினைந்து வயதிலும் அது நேரும். நீர் புகாத மெத்தை உறை, அறைக்குப் பக்கத்திலேயே மாற்று விரிப்பும் கால்சட்டையும், ஈரத் துணியைப் போட மூடியுள்ள கூடை. விளக்கைப் போட்டு மற்றவர்களை எழுப்பாமல் மாற்றிக்கொள்ள ஒரு வழி. இவ்வளவும் அவன் கேட்பதற்கு முன்பே இருக்க வேண்டும்.

வெள்ளி மாலை வந்து சேரும் பிள்ளை, ஸ்டோர் பொறுப்பாளர் வரும் திங்கள் வரை வெறுங்கையோடு இருப்பதும் நடக்கிறது. சேர்க்கை மேசைக்கு அடியிலேயே இந்தப் பொருள்களைப் போட்டுக் கட்டிவைத்த பத்துப் பைகள் இருந்தால் இது தீரும். நீதிமன்றம் போகும் நாளில் குளியல் முன்கூட்டியே முடியட்டும், பெண்ணின் பையில் இரண்டு நாப்கின் இருக்கட்டும். வேறு இல்லத்துக்கு மாற்றும்போது பை பிள்ளையோடு போக வேண்டும். விடுதலையாகும்போதும் அப்படியே: பிரஷ், பேஸ்ட், சோப்பு, ஒரு பாக்கெட் நாப்கின். சொறிசிரங்குச் சிகிச்சை பாதியில் இருந்தால் இரண்டாம் முறைக்கான களிம்பும், அதைப் பூச வேண்டிய தேதியை எழுதிய சீட்டும்.