6746328388800: ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்

(காரைக்குடியில் பெற்றோரும் பிள்ளைகளும் கூடியிருந்த அரங்கில் பேசியது)

பெரியவர்களே, ஆச்சிமார்களே, பிள்ளைகளே, வணக்கம்.

கணக்கு இந்த ஊருக்குப் புதிதில்லை. உங்கள் பாட்டன்மார் ரங்கூனில் பேரேடு எழுதிய காலத்தில் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக ஒரு ரூபாய்க்கு 192 பை. அதை மூன்று பங்காளிகளுக்குப் பிரித்தாலும் சரி, எட்டுப் பேருக்குப் பிரித்தாலும் சரி, மிச்சம் விழாது. 1957-இல் வந்த 100 பைசாவை மூன்றாகப் போட்டுப் பாருங்கள், ஒன்று நிற்கும். 192-க்குக் காரணிகள் 14, நூறுக்கு 9தான்.

தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணைவிடவும் அதிகக் காரணிகள் இருந்தால் அது உயர் பகு எண். 12, 24, 36, 48, 60 என்று அந்த வரிசை போகும். 192-க்கு அதில் இடமில்லை, ஏனென்றால் அதைவிடச் சின்ன 180-க்கே 18 காரணிகள். இந்த எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதிலுள்ள பட்டியல் 6746328388800-இல் முடிகிறது. ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரத்துச் சொச்சம் கோடி!

ஆனால் பெரிய எண் என்பதற்காக நான் இதைக் கொண்டாடவில்லை, ஒரு பூஜ்யம் சேர்த்தால் இதைவிடப் பெரிசு வந்துவிடும். இதன் அழகு உள்ளே இருக்கிறது. உடைத்துப் பாருங்கள்: 2-க்கு அடுக்கு 6, 3-க்கு 4, 5-க்கும் 7-க்கும் 2, அப்புறம் 11, 13, 17, 19, 23 தலா ஒரு தடவை. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2×2, மொத்தம் 10080 காரணிகள். 1 முதல் 28 வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும், 29-இல்தான் முதல்முறையாக நிற்கும்.

சரி, 23 வரை ஏன் போக வேண்டும், சின்ன எண்ணான 2-ஐயே திரும்பத் திரும்பப் போட்டால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்கலாம், நல்ல கேள்வி. 23-ஐ எடுத்துவிட்டால் மிஞ்சுவது 293318625600, அதற்குக் காரணிகள் 5040. இதை இரட்டிப்பாக்க 23-ஆல் ஒரு தடவை பெருக்கினால் போதும். 2-ஐ மட்டும் வைத்துச் செய்வதென்றால் அடுக்கு 6-லிருந்து 13-க்குப் போக வேண்டும், அதாவது 128-ஆல் பெருக்க வேண்டும். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சேர்க்கச் சேர்க்க அதனால் கிடைக்கும் லாபம் குறைந்துகொண்டே போகிறது. எந்த இடத்தில் 2-ஐ விட்டுவிட்டு அடுத்த பகா எண்ணுக்குத் தாவ வேண்டும் என்பதை ராமானுஜன் அலசிய விதம்தான் எனக்கு இந்தக் கட்டுரையில் ரொம்பப் பிடித்தது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1தான், 4, 36 இரண்டுக்கும் மட்டும் விலக்கு என்றும் அவர் நிறுவியிருக்கிறார்.

இன்னொன்று. அந்த 293318625600-உம் உயர் பகு எண்தான். அவ்வளவு நீளப் பட்டியலில் ராமானுஜன் தவறவிட்டது அந்த ஒன்றைத்தான். கால்குலேட்டர் இல்லாமல் இத்தனை தூரம் வந்தவர் அவர்.

பிள்ளைகளே, 720-க்கு 30 காரணிகள், அடுத்து வரும் 840-க்கு 32. அதற்கடுத்த உயர் பகு எண் 1300-க்குள் இருக்கிறது. பேனாவை எடுங்கள், அடுக்குகளை வைத்தே தேடுங்கள்.