டீப் பர்ப்பிள் சவுண்ட் மாறினதுக்கு மோர்ஸ திட்டாதீங்க | பிளாக்மோர் டோன், பூஸ்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி

வணக்கம் மக்களே. ட்ரெபிள் பூஸ்டர், அதாவது கிட்டார் சத்தத்துல மேல் சுருதிய தூக்கி விடற பெடல், அதோட டெமோ இன்னிக்கு வரும்னு போன வீடியோல சொல்லியிருந்தேன். வரும், கொஞ்சம் பொறுங்க. அதுக்கு முன்னாடி ஒரு எரிச்சல இறக்கி வெச்சுடறேன், இல்லன்னா கை கிட்டார்ல நிக்காது.

டீப் பர்ப்பிள்ங்கற இங்கிலாந்து ஹார்ட் ராக் பேண்டோட ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தா போதும், அஞ்சாவது நிமிஷம் இந்த பஞ்சாயத்து ஆரம்பிச்சுடுது. முதல் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் போனதும் பேண்ட் முடிஞ்சு போச்சாம். ஸ்டீவ் மோர்ஸ் வந்து அதை கிட்டார் கிளாஸ் ஆக்கிட்டாராம். இப்ப சைமன் மெக்பிரைட் வந்ததுல பழைய சவுண்ட் திரும்பி வந்துடுச்சாம். 'ஈக்வல்ஸ் ஒன்' ஆல்பம் 2024 ஜூலைல வந்ததுல இருந்து இந்த மூணாவது கோஷ்டி சத்தம்தான் ஜாஸ்தி. ஆல்பம் நல்லா இருக்கு, நான் இல்லைங்கல. ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்டு, எல்லாம் சுருக்கமா, கச்சிதமா இருக்கு. ஆனா பழைய சவுண்ட் திரும்பிடுச்சுன்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் எனக்கு காது சூடாகுது.

கணக்க முதல்ல பாருங்க. பிளாக்மோர் 1968ல இருந்து 75 வரைக்கும், அப்புறம் 84ல இருந்து 93 வரைக்கும். ரெண்டு இன்னிங்ஸையும் கூட்டினா 16 வருஷம் சொச்சம். மோர்ஸ் 1994ல இருந்து 2022 வரைக்கும், ஒரே இழுப்புல. மனைவிக்கு உடம்பு சரியில்லன்னு அவர் விலகினதும் மெக்பிரைட் வந்தார். பெல்ஃபாஸ்ட்காரர், பர்ப்பிள் கீபோர்டிஸ்ட் டான் ஏரியோட சோலோ பேண்ட்லயும் பாடகர் இயன் கில்லனோடவும் ஏற்கெனவே வாசிச்சவர். அதிக வருஷம் அந்த இடத்துல நின்ன மோர்ஸ இன்னமும் 'மாத்து ஆள்'னு கூப்பிடறது என்ன நியாயம்?

பிளாக்மோர் இருந்தாலே பர்ப்பிள் சவுண்ட் வந்துடும்னு நினைக்கறவங்க 1990ல வந்த 'ஸ்லேவ்ஸ் அண்ட் மாஸ்டர்ஸ்' போட்டு கேளுங்க. கிட்டார் பிளாக்மோர்தான். ஆர்கன் ஜான் லார்ட்தான். பேஸ், டிரம்ஸ் எல்லாம் அதே ஆளுங்க. பாடறது மட்டும் ஜோ லின் டர்னர், பிளாக்மோரோட இன்னொரு பேண்டான ரெயின்போல பாடினவர். எனக்கு அந்த ஆல்பம் சுத்தமா பிடிக்காது. ரெயின்போ ஆல்பம் ஒண்ணு தப்பான அட்டைக்குள்ள போய் உக்காந்துட்ட மாதிரி இருக்கும்.

பிளாக்மோர் முதல் தடவை போனப்போ அவர் இடத்துக்கு வந்த டாமி போலினுக்கும் இதே அநியாயம்தான். 1975ல 'கம் டேஸ்ட் த பேண்ட்' வந்தப்போ ஃபங்க்ங்கற துள்ளல் பாணி வந்துடுச்சு, போலின் கெடுத்துட்டார்னு பழி. அட, ஃபங்க்கும் சோலும் போலினுக்கு முன்னாடியே உள்ள வந்தாச்சு! பேஸிஸ்ட் கிளென் ஹியூஸும் பாடகர் டேவிட் கவர்டேலும் கொண்டு வந்தது அது. 1974ல வந்த 'ஸ்டார்ம்பிரிங்கர்' பூரா கேக்கும். அது பிடிக்காமதான் பிளாக்மோரே கெளம்பினார். காரணத்தை விட்டுட்டு, கடைசில வந்தவர் தலைல கட்டறாங்க.

சரி, அப்ப சவுண்ட் மாறவே இல்லையான்னா, மாறிச்சு. நல்லாவே மாறிச்சு. எங்க மாறிச்சுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, பேண்டே நமக்கு செஞ்சு குடுத்திருக்கு. 1970ல 'இன் ராக்' ஆல்பத்துல 'பிளட்சக்கர்'னு ஒரு பாட்டு. 1998ல 'அபாண்டன்' ஆல்பத்துல அதே பாட்டை மறுபடி ரெக்கார்ட் பண்ணாங்க, ஸ்பெல்லிங்க மட்டும் லேசா மாத்தி. பாட்டு, ஆர்கன், பேஸ், டிரம்ஸ் எல்லாம் அதே நாலு பேர். கிட்டார் மட்டும் வேற ஆள். இத விட சுத்தமான ஒப்பீடு எந்த பேண்ட்லயும் கிடைக்காது.

ஹெட்ஃபோன் போட்டு ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க. கிட்டாரை கேக்காதீங்க. ஆர்கனை கேளுங்க. 1970ல கிட்டாரும் ஆர்கனும் ஒண்ணை ஒண்ணு கீறிக்கிட்டே போகும், ரெண்டோட ஓரமும் தனித்தனியா தெரியும். 1998ல கிட்டார் தடிமனா, வழவழன்னு வந்து நடுவுல உக்காந்துடும். ஆர்கன் அதுக்கு பின்னால போயிடும்.

ஏன்னு பாத்தா, ஜான் லார்ட் தன்னோட ஹேமண்ட் சி-3 ஆர்கனை மார்ஷல் கிட்டார் ஆம்ப்ல சொருகி வாசிச்சவர். டிஸ்டார்ட் ஆன, அதாவது கரகரன்னு உடைஞ்ச ஆர்கன்னா மிட், அதாவது நடு சுருதி, பூரா அதுதான். அதுக்கு பக்கத்துல கிட்டாரும் மிட்ட ரொப்பினா ரெண்டும் குழம்பிடும். பிளாக்மோர் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு மாறினதுக்கு அப்புறம் சிங்கிள் காயில் பிக்அப் (கம்பி அதிர்வ சிக்னலா மாத்தறதுதான் பிக்அப்), மேல ட்ரெபிள் பூஸ்டர், 200 வாட் மார்ஷல் மேஜர் ஆம்ப். சத்தம் பயங்கரம், ஆனா டோன் ஒல்லி, மேல கூர். மிட்ட ஆர்கனுக்கு விட்டுக் குடுத்துடுச்சு. மோர்ஸோட மியூசிக் மேன் கிட்டார்ல நாலு பிக்அப், ரெண்டு ஹம்பக்கர் (தடிமனா சத்தம் குடுக்கற ரெட்டை காயில் பிக்அப்), நடுவுல ரெண்டு சிங்கிள் காயில். லீட் பெரும்பாலும் ஹம்பக்கர்லதான். அழகான டோன், ஆனா அது ஆர்கனோட இடத்துல வந்து உக்காருது. மெக்பிரைட் கைல பிஆர்எஸ் கிட்டார், அதுவும் ஹம்பக்கர்தான்! அதான் பழைய சவுண்ட் திரும்பிடுச்சுன்னா எனக்கு சிரிப்பு வருது. திரும்பினது ரிஃப் எழுதற விதம். டோன் இல்ல.

உடனே ஒருத்தர் கைய தூக்குவார், எனக்குத் தெரியும். 'சைல்ட் இன் டைம்' சோலோ கிப்சன் ஈஎஸ்-335ல வாசிச்சது, அது ஹம்பக்கர் ஆச்சேன்னு. ஆமா, கரெக்ட். அந்த சோலோல ஆர்கன் என்ன பண்ணுதுன்னு கேளுங்க. பின்னால நின்னு தாங்கிப் பிடிக்குது, சண்டைக்கே வரல. அதனால இடிக்கல. பிக்அப் பாதிதான், யாரு எங்க நிக்கறாங்கங்கறது மீதி.

இதுல இன்னொண்ணு, 2002ல ஜான் லார்ட் விலகி டான் ஏரி வந்தாரே, அதுக்கு எவ்வளவு பேர் சண்டை போட்டீங்க? பேண்டோட பாதி சவுண்ட் அன்னிக்கு மாறுச்சு. கிட்டாரிஸ்ட்டுக்கு மட்டும் ஒப்பாரி.

நடுவுல கொஞ்ச நாள் வந்து வாசிச்ச கிட்டாரிஸ்ட் ஜோ சாட்ரியானிய விட்டுட்டேனே. 1993 நவம்பர்ல ஹெல்சிங்கி கச்சேரியோட பிளாக்மோர் கெளம்பிட்டார், டிசம்பர்ல ஜப்பான் டூர் காத்துக்கிட்டு இருக்கு. சாட்ரியானி வந்து காப்பாத்தினார், 94ல ஐரோப்பாவும் போனார். தங்கல. ஆல்பமும் இல்ல. அதனால அவரைப் பத்தி சண்டை போட ஒண்ணும் இல்ல, மேல போலாம்.

எனக்கு மோர்ஸ் ஆல்பங்கள்ல முதல் இடம் 1996ல வந்த 'பர்ப்பெண்டிக்குலர்'. கல்பனா சாவ்லா 2003ல கொலம்பியா விண்கலத்துல எடுத்துட்டு போன சிடில அதுவும் ஒண்ணு. கூடவே 'மெஷின் ஹெட்', ரெயின்போவோட 'டவுன் டு எர்த்'. அதாவது ரெண்டு பிளாக்மோர், ஒரு மோர்ஸ். அவங்களுக்கு இந்த கோஷ்டி சண்டையே இல்ல. அந்த விபத்துக்கு அப்புறம் மோர்ஸ் எழுதினதுதான் 'பனானாஸ்' ஆல்பத்தோட கடைசில வர்ற 'கான்டாக்ட் லாஸ்ட்'. சின்ன பீஸ், பாட்டு வரி கிடையாது. மோர்ஸ்கிட்ட உணர்ச்சியே இல்லன்னு சொல்றவங்க அதை கேட்டுட்டு வந்து பேசுங்க.

சரி, கிட்டார எடுப்போம். முதல்ல 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ரிஃப். கடைக்குள்ள போய் கிட்டார் டெஸ்ட் பண்ற எல்லாரும் இதைத்தான் வாசிக்கறாங்க, முக்கால்வாசி பேர் தப்பா வாசிக்கறாங்க. பவர் கார்ட் போடறாங்க. இது பவர் கார்ட் இல்ல, ஃபோர்த்ஸ், அதாவது நாலாவது சுர இடைவெளில ரெண்டு நோட். டி கம்பி, ஜி கம்பி, ரெண்டுலயும் ஒரே ஃப்ரெட். ஓபன், 3, 5. ஓபன், 3, 6, 5. ஓபன், 3, 5, 3, ஓபன். அவ்வளவுதான். மேல இருக்கற ஜி கம்பிதான் ரூட், அதாவது ஆதார நோட். பவர் கார்ட்ல ரூட் கீழ இருக்கும், இங்க தலைகீழ்.

ரெண்டாவது தப்பு, பிக்க வெச்சு கீழ இழுக்கறது. அப்ப டி முதல்ல, ஜி ஒரு பொடி நேரம் கழிச்சு. பிளாக்மோர் ரெண்டையும் விரலால ஒரே நேரத்துல கிள்ளி எடுப்பார். கட்டை விரல் டில, ஆள்காட்டி ஜில. ஆர்கன் கீ அமுக்கினா ரெண்டு நோட்டும் சேர்ந்துதானே வரும், அது கூட ஒட்டணும்னா இப்படித்தான். ரெக்கார்ட்ல ஹை-ஹேட்டோட டிஸ்டார்ட் ஆன ஆர்கன் அதே ஃபோர்த்ஸோட வந்து சேருது பாருங்க, அதுக்கு அப்புறம்தான் மீதி டிரம்ஸ், பேஸ். தனி கிட்டார்ல அந்த கனம் வரலையேன்னு கெய்ன, அதாவது டிஸ்டார்ஷன் அளவ, ஏத்தாதீங்க. அந்த கனம் ஆர்கன்ல இருக்கு. டிஸ்டார்ஷன்ல ஃபோர்த்ஸ் வாசிச்சா ரூட்டுக்கு ரெண்டு ஆக்டேவ் கீழ அதே நோட் நிழல் மாதிரி தானா கேக்கும். கெய்ன் ஜாஸ்தியானா அது கொழகொழன்னு ஆயிடும். ஆம்ப்ல ப்ளெக்ஸின்னு பழைய மார்ஷல் மாடல் எடுங்க. கெய்ன் 4, பேஸ் 3, மிட் 6, ட்ரெபிள் 5. அங்க இருந்து காதுக்கு ஏத்த மாதிரி நகத்துங்க.

ஸ்ட்ராட்ல பிளாக்மோருக்கு நடு பிக்அப் வேண்டாத விருந்தாளி. நல்லா கீழ இறக்கிடுவார். நீங்களும் இறக்கலாம், ரெண்டு பக்கமும் ஒரு ஸ்க்ரூ இருக்கு, இடது பக்கமா திருப்பினா இறங்கும். பிக்கார்டுக்கு (கிட்டார் மேல இருக்கற பிளாஸ்டிக் தகடு) சமமா வந்ததும் நிறுத்துங்க. நிறுத்துங்க! ஆர்வத்துல திருப்பிக்கிட்டே போனா ஸ்க்ரூ கழண்டு பிக்அப் உள்ள விழும், அதுல இருக்கற ஸ்ப்ரிங் தெறிச்சு எங்கயாவது ஓடும். அப்புறம் கம்பி எல்லாம் கழட்டணும், பிக்கார்டோட 11 ஸ்க்ரூவும் கழட்டணும், உள்ள இருக்கற குழில கைய விட்டு அந்த ஸ்ப்ரிங்க தேடணும், கிடைக்காது. பழைய பால்பாயிண்ட் பேனா ஸ்ப்ரிங்க வெட்டி போட்டா வேலைக்கு ஆகும், சில கிட்டார்ல ரப்பர் குழாய் இருக்கும், அதுவும் ஓகே. ஆனா ஏன் அந்த வம்பு? கால் திருப்பு, பாரு, கால் திருப்பு, பாரு. அவ்வளவுதான்.

இப்ப பூஸ்டர். என் கைல இருக்கறது ரேஞ்ச்மாஸ்டர் வகை, உள்ள ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். கிட்டாருக்கு அடுத்து முதல் ஆளா இதுதான் இருக்கணும். ட்யூனர், வா-வா பெடல் எதுவும் முன்னாடி வேண்டாம். இதோட இன்புட் இம்பீடன்ஸ் (உள்ள வர்ற சிக்னலுக்கு குடுக்கற எதிர்ப்பு) கம்மி, பிக்அப்போட நேரா பேசினாதான் டோன் வரும். நடுவுல பஃபர், அதாவது சிக்னல பலப்படுத்தி அனுப்பற சர்க்யூட், வந்தா கீச்சுன்னு காதை அறுக்கும். முதல்ல நேரா சொருகினா கிட்டார் வால்யூம 6க்கு இறக்கினதும் தானா க்ளீன் ஆகும், கேளுங்க... ஆச்சா. அதான் விஷயம்.

இதுல பெரிய தொல்லை நம்ம ஊரு வெயில். ஜெர்மானியத்துக்கு சூடு ஆகாது. 10 டிகிரி ஏறினா லீக்கேஜ் கரண்ட் கிட்டத்தட்ட டபுள். மே மாசம் மத்தியானம் ஏசி இல்லாத ரூம்ல வெச்சீங்கன்னா பயாஸ் (டிரான்சிஸ்டர் வேலை செய்யற வோல்டேஜ் நிலை) நகந்து நோட் தேயும்போது பொரபொரன்னு அறுந்து போகும். பெடல் கெட்டுப்போச்சுன்னு சர்வீஸுக்கு தூக்கிட்டு ஓடாதீங்க, ராத்திரி குளிர்ந்ததும் சரியாயிடும். இந்த தொல்லையே வேண்டாம்னா சிலிக்கான் வெர்ஷன் வாங்குங்க. டோன் கொஞ்சம் கறார், ஆனா வெயில் காலத்துல நம்பலாம்.

அடுத்தது பவர். பழைய டிசைன் பாசிட்டிவ் கிரவுண்ட், அதாவது பேட்டரியோட ப்ளஸ் முனைதான் கிரவுண்ட். மத்த பெடல் எல்லாம் நெகட்டிவ் கிரவுண்ட். ஒரே அடாப்டர்ல டெய்சி செயின் போட்டு எல்லாத்துக்கும் சேர்த்து பவர் குடுத்தீங்கன்னா ஷார்ட். அதனால தனியா பேட்டரி. பேட்டரின்னதும் ஆரம்பிச்சுடுவாங்க, கார்பன் ஜிங்க்தான் வேணும், அதுலதான் அந்த வோல்டேஜ் தொய்வு, அந்த மேஜிக்குன்னு. இல்லப்பா. இந்த சர்க்யூட் இழுக்கறதே ஒரு மில்லி ஆம்பியருக்கு கம்மி. இவ்வளவு கம்மியா இழுத்தா எந்த பேட்டரியும் தொய்யாது. கடைல முப்பது ரூபாய்க்கு கிடைக்கற சாதா சிகப்பு பேட்டரி மாசக்கணக்கா ஓடும். இருநூறு ரூபாய்க்கு மேல குடுத்து அல்கலைன் வாங்கினாலும் அதே சவுண்ட். மேஜிக்குன்னு சொல்லி அதே முப்பது ரூபா பேட்டரிய பொட்டலம் கட்டி பத்து மடங்கு விலைக்கு விக்கறாங்க, அதைப் பாத்தாதான் எனக்கு வயிறு எரியுது. முப்பது ரூபா! ஒரே விஷயம், வாசிச்சு முடிச்சதும் இன்புட் கேபிள உருவிடுங்க. அந்த ஜாக்தான் ஸ்விட்ச். சொருகியே வெச்சா முப்பது ரூபாயும் போச்சு. வருஷக்கணக்கா பேட்டரிய உள்ளயே விட்டா கசிஞ்சு போர்ட அரிச்சுடும், அதையும் பாத்துக்கங்க.

மோர்ஸ் பக்கம் வரேன். அவரோட விசாலமான சவுண்டுக்கு காரணம் எதிரொலி குடுக்கற டிலே பெடல் மட்டும் இல்ல, அதை வெச்சிருக்கற இடம். ஒரு ஆம்ப்ல வெறும் ட்ரை, அதாவது டிலே சேராத சத்தம், எப்பவும் ஓடும். இன்னொரு ஆம்புக்கு டிலே மட்டும் போகும், அதை கால் வால்யூம் பெடல்ல கூட்டி குறைப்பார். வேக ஓட்டத்துல டிலேய மூடிடுவார், நீட்டின நோட்ல திறப்பார். வீட்ல செய்யணும்னா டிலேல மிக்ஸ் 100 சதவீதம் வெட் (எதிரொலி மட்டும்), டைம் 400 மில்லி செகண்ட் பக்கம், மூணு ரிப்பீட். அதுக்கு அடுத்து வால்யூம் பெடல், அப்புறம் ரெண்டாவது ஆம்ப். உங்க டிலே ட்ரைய முழுசா வெட்டலன்னா இதுக்கு ஆகாது. ட்ரை சிக்னல் ரெண்டு ஆம்ப்லயும் வந்து ஃபேஸ் அடிச்சு டோன் குழி விழுந்துடும்.

ஆங், போலினுக்கு எக்கோபிளெக்ஸ் சொல்லாம விட்டுட்டேன். டேப் எக்கோ அது. ஓடிட்டு இருக்கும்போதே டிலே டைம் கைப்பிடிய இழுத்து விண்கலம் பறக்கற சத்தமெல்லாம் எடுப்பார். டிஜிட்டல் டிலேல டேப் மோட் இருந்தா ரிப்பீட்ட ஏத்தி வெச்சுட்டு டைம் நாபை திருப்புங்க, கிட்டத்தட்ட வரும். ரிப்பீட் முக்கால தாண்டினா தானா ஊளையிட ஆரம்பிச்சுடும், அதனால ஒரு கை எப்பவும் அந்த நாப் மேலயே இருக்கட்டும்.

அடுத்த வீடியோ 'ஹைவே ஸ்டார்' சோலோ, அந்த ஆர்பெஜியோ (கார்டோட நோட்ட ஒண்ணொண்ணா வாசிக்கறது) பகுதி மட்டும். மெட்ரோனோம் 100ல ஆரம்பிப்போம். கம்பி புதுசா போட்டு வைங்க.