பாடுகளின் நேரத்தில் 1 பேதுருவை எப்படி வாசிக்கிறது?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். விசுவாசத்தினால துன்பம் வரும்போது நம்ம ஆளுங்க முதல்ல தேடுறது 1 பேதுரு 5:7, அதாவது பைபிள்ல இருக்கிற பேதுருவோட முதல் கடிதம், 5-ஆம் அதிகாரம், 7-ஆம் வசனம். “உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்.” காலண்டர்ல, ஸ்டேட்டஸ்ல எல்லாம் இருக்கிற வசனம். ஆனா அதுக்கு அடுத்த வசனமே கெர்ச்சிக்கிற சிங்கத்தைப் பத்திப் பேசுது. அதையும் சேர்த்து யாரும் ஸ்டேட்டஸ் வைக்கிறதில்ல! இந்தக் கடிதத்தை ஒரு வசனமா வெட்டி எடுத்தா ஆறுதல் ரெண்டு நாள்கூட நிக்காது. முழுசா வாசிக்கணும்.

5 அதிகாரம், 105 வசனம். சத்தமா வாசிச்சா ஏறக்குறைய 20 நிமிஷம். ஒருத்தர் வாசிக்க மத்தவங்க கேளுங்க, நடுவுல நிறுத்தி விளக்கம் சொல்லாதீங்க. பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியான்னு இன்றைய துருக்கியில சிதறி இருந்த சபைகளுக்கு எழுதினது. அவங்களும் கூடி உட்கார்ந்து காதாலதான் கேட்டிருப்பாங்க.

ரெண்டாவது வாசிப்புக்கு ஒரு பென்சில் எடுத்துக்கோங்க. அவங்களுக்கு நிஜமா என்ன நடந்துச்சுன்னு சொல்ற இடங்களை மட்டும் கோடு போடுங்க: 2:12, 3:16, 4:4, 4:14. அங்கே வர்றதெல்லாம் அவதூறு, ஏச்சு, ‘ஏன் எங்களோட வந்து கூத்தடிக்க மாட்டேங்கிற’ங்கிற கேள்வி. அக்கம்பக்கத்துப் பேச்சு, ஒதுக்கிவைக்கிறது. கி.பி. 112 வாக்குல அதே பித்தினியா-பொந்து பகுதியில நிலைமை எங்கே போச்சுன்னு ரோம ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதின கடிதத்துல தெரியும்: ‘நீ கிறிஸ்தவனா?’ன்னு மூணு தடவை கேட்டு, விடாம ஆமான்னவங்களுக்கு மரண தண்டனை. பேர் போடாத புகார்ப் பட்டியல் வேற சுத்திச்சு. அப்படிப் பேர் இல்லாம வர்ற புகாரை ஏத்துக்காதேன்னு டிராஜன் பதில் எழுதினார்.

அடுத்து சங்கீதம் 34. 1 பேதுரு 3:10-12 அந்தச் சங்கீதத்துல இருந்து வர்ற வரிகள். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வாசிங்க. ‘நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்கு’ அவர் சமீபமா இருக்கார்னு சங்கீதம் சொல்லுது. நொறுங்கவே கூடாதுன்னு அது கேட்கல.

இப்ப தப்பு நடக்கிற இடங்கள். ஒண்ணு, 4:15-ஐத் தாண்டிப் போறது. திருடனாகவோ, அந்நிய காரியத்துல தலையிடுறவனாகவோ பாடுபடக் கூடாதுன்னு அங்கே தெளிவா இருக்கு. வாடகை பாக்கிக்கு வீட்டுக்காரர் கத்தினா அது உபத்திரவம் இல்ல, பாக்கிதான்.

இன்னொண்ணு இதைவிட மோசம். 2:18-ல வேலைக்காரங்களுக்கும் 3:1-ல மனைவிகளுக்கும் கீழ்ப்படிதலைப் பத்தி வர்றதை எடுத்து, அடி வாங்குறவங்க கிட்ட ‘பொறுத்துக்கோ’ன்னு சொல்றது. 2:18 ஒரு எஜமானுடைய கையில இருந்து தப்பிக்க வழியில்லாத வேலைக்காரங்களுக்கு எழுதினது. வழி இருக்கும்போது பவுல் என்ன செஞ்சார்? அப்போஸ்தலர் 22:25 பாருங்க. வாரினால கட்டும்போதே, ரோமக் குடிமகனை விசாரணை இல்லாம அடிக்கிறது நியாயமான்னு கேட்டார். அப்போஸ்தலர் 25:11-ல இராயருக்கே அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசர் கிட்டயே மேல்முறையீடு செஞ்சார். அதனால புகார் கொடுக்கிறது, வக்கீலைப் பார்க்கிறது, தேதியும் நேரமும் குறிச்சுவைக்கிறது, எதுவுமே விசுவாசக் குறைவு ஆகாது. 1 பேதுரு 3:15 சொல்ற மாதிரி சாந்தத்தோட பதில் சொல்லவும் தயாரா இருங்க. ரெண்டு மூணு வரியில முன்னாடியே எழுதிவெச்சா பதட்டத்துல உளற மாட்டீங்க.

நேத்துதான் அடிபட்டவங்க கிட்ட இது எதுவும் வேண்டாம், 1 பேதுருவும் வேண்டாம். சங்கீதம் 13 போதும். ஆறே வசனம், அதுல “எதுவரைக்கும்”ங்கிறது நாலு தடவை வருது. வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க, நேர்ல போய் வாசிங்க. வாசிச்சு முடிச்ச உடனே பிரசங்கம் ஆரம்பிக்காதீங்க. அவங்க பேசினா கேளுங்க, பேசலைன்னா விடுங்க.