சின்ன ஸ்டூடியோ படத்துக்கு ஒஸ்காரில் சலுகை உண்டா?

அடுத்த கேள்வி மஸ்கெலியாவில் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. வீட்டுக் கணினியில் பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளைப் பழகுகிறாராம். "2025 ஒஸ்காரின் சிறந்த அனிமேஷன் படப் பிரிவில் 'இன்சைட் அவுட் 2' மாதிரிப் பெரிய படத்தைத் தாண்டி 'ஃப்ளோ' ஜெயித்ததே, சின்னப் படம் என்று இரக்கப்பட்டுக் கொடுத்தார்களா? நம்மைப் போன்றவர்கள் எடுத்தால் எடுபடுமா?" என்று கேட்கிறார்.

அருமையான கேள்வி. ஒன்று ஏறக்குறைய 200 மில்லியன் டொலர் படம். மற்றது லத்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் சுமார் 3.5 மில்லியன் யூரோவில் எடுத்தது. சரி, இந்த வித்தியாசத்துக்கு ஏதாவது கழிவு உண்டா என்றால், கிடையாது. ஒஸ்காரில் மார்க் போடும் முறையே இல்லை. படம் 40 நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும், முக்கால்வாசியாவது அனிமேஷனாக இருக்க வேண்டும், இப்படிச் சில தகுதிகள் பார்ப்பார்கள். அப்புறம் வாக்குத்தான். இறுதிச் சுற்றில் அனிமேஷன்காரர்கள் மட்டுமல்ல, நடிகர், இசையமைப்பாளர், ஒப்பனைக் கலைஞர் என்று ஒஸ்காரை வழங்கும் அகாடமியின் அங்கத்தவர் எல்லாரும் போடலாம்.

என்னைக் கேட்டால், சின்னப் படம் அடிபடுவது தீர்ப்புச் சொல்கிற இடத்தில் இல்லை, அதற்கு முன்னால். நம்ம பக்கம் தேயிலை ஃபெக்டரியில் ருசி பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். வரிசையாகக் கோப்பைகள், எல்லாவற்றிலும் ஒரே நிறைத் தூள், ஒரே அளவு கொதிநீர், ஊறுவதற்கு ஒரே நேரம். ருசி பார்ப்பவர் ஒரு கோப்பையையும் விடாமல் உறிஞ்சித் துப்பிக்கொண்டே போவார். ஒஸ்காரில் நெடுங்காலம் அப்படி ஒரு ஒழுங்கு இல்லை. ஐந்து படத்தில் இரண்டை மட்டும் பார்த்தவரும் வாக்குப் போட முடிந்தது. கார்ட்டூன் படமே பார்ப்பதில்லை என்று பெயரை மறைத்துப் பத்திரிகைக்குச் சொன்ன அங்கத்தவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் யாருடைய விளம்பரம் கண்ணில் பட்டதோ அவர்களுக்குத்தானே லாபம்?

இந்த விருது 2001ஆம் ஆண்டுப் படங்களில் இருந்து கொடுக்கப்படுகிறது. 2020 வரையான 20 வருடப் படங்களில் 11 முறை 'இன்சைட் அவுட் 2'வை எடுத்த பிக்சார் ஸ்டூடியோவுக்கே போயிருக்கிறது. அவை நல்ல படங்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அயர்லாந்தின் கார்ட்டூன் சலூன் ஸ்டூடியோவைப் பாருங்கள். கையால் வரைந்த நான்கு முழுநீளப் படங்கள் பரிந்துரை வரை போயின, ஒன்றுக்கும் விருது இல்லை. 'வுல்ஃப்வாக்கர்ஸ்' படத்துக்குக் கிடைக்காதது எனக்கு இன்னும் ஆறவில்லை. 2025 ஏப்ரலில்தான் அகாடமி ஒரு விதி கொண்டுவந்தது: ஒரு பிரிவில் இறுதி வாக்குப் போட வேண்டுமானால் அதில் பரிந்துரையான எல்லாப் படத்தையும் பார்த்திருக்க வேண்டும். எப்போதோ வந்திருக்க வேண்டியது.

அனிமேஷனுக்கென்றே கொடுக்கப்படும் ஆனி விருதில் சுயாதீனப் படங்களுக்குத் தனிப் பிரிவே உண்டு. 2025இல் 'தி வைல்ட் ரோபோட்' சிறந்த படம், 'ஃப்ளோ' சிறந்த சுயாதீனப் படம். பிரான்சின் அன்சி அனிமேஷன் விழாவில் ஒரு சிறு நடுவர் குழு உட்கார்ந்து போட்டிப் படங்களைப் பார்த்து முடிவு செய்கிறது. எனக்கு அந்த முறையில்தான் நம்பிக்கை அதிகம்.

இரக்கம் என்று சொன்னீர்களே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெள்ளத்தில் தப்பிக்கும் ஒரு பூனையின் கதையான 'ஃப்ளோ'வில் ஒரு வசனம் கிடையாது. வெள்ளம் ஏறும்போது கெமரா வெட்டில்லாமல் பூனையின் பின்னாலேயே போகும். அதன் உடம்பில் மயிர் ஒவ்வொன்றாகத் தெரியாது, தூரிகையால் தீற்றிய மாதிரித்தான் இருக்கும். ஆனால் காது திரும்புவதைப் பாருங்கள், ஒரு படகில் ஏறுமுன் முன்னங்காலை வைத்து வைத்து எடுப்பதைப் பாருங்கள். பூனையை உட்கார்ந்து கவனித்தவர்கள் செய்த வேலை அது. அதுவும் நீங்கள் பழகுகிற அதே பிளெண்டரில், இலவச மென்பொருளில். சில்பலோடிஸ் தன் முதல் முழுநீளப் படமான 'அவே'யைத் தனியாளாகவே முடித்தவர்.

எடுபடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். முழுநீளப் படத்துக்கு வெளிநாட்டில் விநியோகம் செய்ய ஒருவர் வேண்டும், அங்கேதான் பணம் கரையும். அதனால் குறும்படத்தில் தொடங்குங்கள். 40 நிமிடத்துக்குள் இருந்தால் அது ஒஸ்காரில் வேறு பிரிவு. அகாடமி பட்டியலில் உள்ள விழாக்களில் தகுதி தரும் விருதை வென்றாலே போட்டிக்கு அனுப்பலாம், அமெரிக்கத் தியேட்டர் தேவையில்லை. அன்சியில் மாணவர்களின் பட்டப்படிப்புப் படங்களுக்குத் தனிப் போட்டியும் இருக்கிறது. எங்காவது படிப்பில் சேர்ந்தால் அதைக் குறிவைத்து இறுதி வருடப் படத்தைத் திட்டமிடுங்கள். முடித்ததை எனக்கும் அனுப்புங்கள், கட்டாயம் பார்ப்பேன்.