ஹெக்கேட்டிக்கு எந்த டாரட் சீட்டு? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னைத் தூங்கவே விடவில்லை. பெருந்துறையிலிருந்து ஒரு அம்மணி எழுதியிருக்கிறார்: "அமாவாசை தோறும் கிரேக்கத் தெய்வம் ஹெக்கேட்டிக்கு விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். சிலை கிடைக்காததால், குறி பார்க்கும் டாரட் சீட்டுக் கட்டிலிருந்து 'ஹை பிரீஸ்டஸ்' (தலைமைப் பூசாரிணி) சீட்டைப் பூஜை அறையில் வைத்தேன். 'மூன்' சீட்டுதான் அவளுடையது என்கிறாள் தோழி. எது சரிங்க? சாமி படங்களோடு சீட்டு இருப்பது அம்மாவுக்கும் பிடிக்கவில்லை."

அருமையான கேள்வி, அம்மணி. எந்தச் சீட்டையும் எந்தக் கிரேக்கத் தெய்வத்துக்கும் யாரும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. ஹெக்கேட்டியைப் பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் புகழ்ந்து பாடி இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து, 15ஆம் நூற்றாண்டில்தான் வட இத்தாலியில் டாரட் வருகிறது. அதுவும் விளையாட்டுச் சீட்டாக. குறி பார்க்கும் பழக்கம் பரவியது 18ஆம் நூற்றாண்டில். அதனால் இணையத்தில் பட்டியல் தேடாதீர்கள். நான் எப்போதும் சொல்வதுதான்: படத்தைப் பாருங்கள்.

சரி, பார்ப்போம். உங்களிடம் இருப்பது ரைடர் வெயிட் என்ற டாரட் கட்டு என்று வைத்துக்கொள்கிறேன். 1909இல் வந்தது, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. ஹை பிரீஸ்டஸ் உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் பிறை, ஒரு பக்கம் கறுப்புத் தூண், மறுபக்கம் வெள்ளைத் தூண், முதுகுக்குப் பின்னால் திரை. அந்தத் திரையில் என்ன இருக்கிறது? மாதுளம்பழம். பாதாளத்தில் மாதுளை முத்தைத் தின்றதால் ஆண்டுதோறும் அங்கே திரும்ப வேண்டியவள் பெர்செபோன் என்ற கிரேக்கத் தெய்வம். மாதுளை அவளுடையது.

இப்போது மூன் சீட்டு. கீழே ஒரு குளம், அதிலிருந்து நண்டு மாதிரி ஏதோ ஏறி வருகிறது. நிலவைப் பார்த்து நாயும் ஓநாயும் ஊளையிடுகின்றன. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே ஒரு பாதை போகிறது. நாய் ஹெக்கேட்டிக்கு உரியது. வழியும் அவளுடையது. நிலா மறைந்த நாளில் முச்சந்தியில் அவளுக்குப் படையல் வைத்தார்கள் கிரேக்கர்கள். தோழி சொல்வதில் பலம் இருக்கிறது. படத்தைப் பாருங்கள் என்று நான் கத்துவது இதற்குத்தான்.

ஆனாலும் உங்கள் கை எடுத்ததும் தப்பில்லை. பெர்செபோனின் தாய் டிமீட்டரைப் பாடும் பழைய கிரேக்கத் துதியில், மகளைப் பாதாள ராஜா ஹேடிஸ் தூக்கிக்கொண்டு போகும்போது அவள் அலறியதைத் தன் குகையிலிருந்து கேட்டவள் ஹெக்கேட்டி. தாய் ஒன்பது நாள் அலைகிறாள். பத்தாம் நாள் கையில் ஒளியோடு எதிரே வருகிறாள் ஹெக்கேட்டி. மகள் திரும்பியதும் அவளுக்குத் துணையாகவே நிற்கிறாள். அந்த மாதுளைத் திரைக்குப் பக்கத்தில் அவளுக்கும் இடம் உண்டு.

இதைவிட எனக்குப் பெரிய கேள்வி: சீட்டை வைக்கலாமா என்று ஹெக்கேட்டியிடமே கேட்டீர்களா? சிவன்மலையைப் பற்றி நான் பேசாத வீடியோ இல்லை, பழைய நேயர்களுக்குத் தெரியும். காங்கயம் பக்கம் இருக்கும் அந்த மலைக்கோயில் முருகன் யாரோ ஒரு பக்தரின் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்கிறான். அவர் கோயிலில் வந்து சொன்னதும் பெட்டியில் வைத்துவிடுகிறார்களா? இல்லை. பூப்போட்டுக் கேட்கிறார்கள். உத்தரவு கிடைத்தால்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அந்தப் பொருள் அங்கேயே இருக்கும். நம் ஊர் முறையே கேட்டு வைப்பது. நீங்களும் அமாவாசையன்று விளக்கேற்றி, இரண்டு சீட்டையும் கவிழ்த்து வைத்து, மனதாரக் கேட்டு ஒன்றை எடுங்கள். ஒரே முறை. பிடித்தது வரும்வரை திரும்பத் திரும்ப எடுத்தால் அப்புறம் கேட்டதற்கு என்ன அர்த்தம்?

அப்புறம் ஒரு நடைமுறைச் சிக்கல். கட்டில் 78 சீட்டு. ஒன்றைச் சாமியாக வைத்துவிட்டால் மீதி 77. அதில் குறி பார்த்தால் அந்தச் சீட்டு வரவே வராது. வழிபாட்டுக்கென்று தனியாக ஒரு கட்டு வாங்கிவிடுங்கள்.

அம்மாவிடம் சண்டை வேண்டாம், அம்மணி. ஏதென்ஸ்காரர்கள் ஹெக்கேட்டியை வீட்டு வாசலில்தான் வைத்தார்கள். தலைவாசலுக்கு உள்பக்கம், கண் மட்டத்தில் ஒரு சின்னப் பலகை அடித்து அதில் வையுங்கள். அமாவாசை விளக்கை அங்கேயே ஏற்றலாம்.